ஐவரின் வீட்டோவும் டாக்டர் எவாட்டும்

தலைப்பில் ‘வீட்டோ’ என்று பார்த்ததும் வீடு, வாடகை, மெயின்டனன்ஸ் சம்பந்தப்பட்ட கட்டுரை என்று நினைத்துவிடாதீர்கள். வீட்டோ என்பது லத்தீன் மொழிச் சொல். தடுக்கிறேன் என்று அதற்குப் பொருள். பத்துப் பேர் கூடி முடிவு செய்த ஒன்றை ஒரே ஒருவர் நிறுத்திவிட முடியுமானால், அவர் கையில் இருக்கும் அதிகாரத்துக்குத்தான் அந்தப் பெயர்.

ஒரு சின்னக் கற்பனை செய்து பாருங்கள். 50 வீடுகள் கொண்ட ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பில் நீங்கள் வீடு வாங்கப் போகிறீர்கள். சங்கத்தின் பைலாவை உங்களிடம் நீட்டுகிறார்கள். எல்லாம் ஒழுங்காகத்தான் இருக்கிறது. ஒரு விதி மட்டும் கண்ணை உறுத்துகிறது. முக்கியமான எந்தத் தீர்மானத்தையும் முதல் ஐந்து வீட்டுக்காரர்களில் யார் வேண்டுமானாலும் தனியாளாக நிறுத்திவிடலாம். அந்த ஐவரும் செயற்குழுவில் நிரந்தரமாக இருப்பார்கள். அவர்களுக்குத் தேர்தல் கிடையாது. சரி, இந்த விதியைப் பின்னால் மாற்றிக்கொள்ளலாம் என்று பார்த்தால், அதற்கும் அந்த ஐவரின் சம்மதம் வேண்டும். கையெழுத்துப் போடுவீர்களா, எழுந்து வந்துவிடுவீர்களா?

1945-ம் ஆண்டு 50 நாடுகளின் முன்னால் இப்படி ஒரு பைலா வைக்கப்பட்டது. அதன் பெயர் ஐக்கிய நாடுகள் சபையின் சாசனம். கடைசியில் எல்லா நாடுகளும் கையெழுத்துப் போட்டன. ஆனால் வாயை மூடிக்கொண்டு போட்டுவிடவில்லை. இரண்டு மாதம் விடாமல் கேள்வி கேட்டார்கள், திருத்தம் கொண்டுவந்தார்கள், வாக்கெடுப்பு வரை இழுத்தார்கள். அந்தச் சிறிய நாடுகளின் முன்வரிசையில் நின்றவர் ஆஸ்திரேலியாவின் வெளியுறவு அமைச்சர் டாக்டர் எவாட். அவருடைய வாழ்க்கையைத்தான் இப்போது படிக்கப் போகிறீர்கள்.

மதுவிடுதிக்காரரின் மகன்

ஹெர்பர்ட் வியர் எவாட் 1894 ஏப்ரல் 30 அன்று, ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ் பகுதியில் கிழக்கு மெயிட்லேண்ட் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா அங்கே மதுவிடுதி நடத்தி வந்தார். அந்த அப்பா பிறந்தது நம் நாட்டுக் கான்பூரில். எவாட் சிறுவனாக இருக்கும்போதே, 1901-ல், அப்பா காலமானார். பிள்ளைகளை வளர்க்கும் பொறுப்பு முழுவதும் அம்மா மேல் விழுந்தது. குடும்பம் சிட்னிக்கு வந்தது. படிப்பு விஷயத்தில் அம்மா மிகவும் கண்டிப்பானவர். முதல் உலகப் போரில் எவாட்டின் உடன்பிறந்தவர்கள் இருவர் உயிரிழந்தார்கள்.

சிட்னி பல்கலைக்கழகத்தில் எவாட் பரிசுகளையும் பதக்கங்களையும் அள்ளினார். சட்டத்தில் முனைவர் பட்டம் பெற்றார். அதனால்தான் அரசியலில் எதிரிகள்கூட அவரை ‘டாக்’ என்றே அழைத்தார்கள். 1925-ல் தொழிற்கட்சி சார்பில் மாநிலச் சட்டமன்றத்துக்குப் போனார். 1930-ல், 36 வயதில், ஆஸ்திரேலியாவின் மிக உயர்ந்த நீதிமன்றத்தில் நீதிபதியானார். அவ்வளவு இளம் வயதில் அந்த நாற்காலியில் அமர்ந்தவர் இன்றுவரை வேறு யாரும் இல்லை.

நீதிபதியாக இருந்தபோது 1936-ல் அவர் ஒரு புத்தகம் எழுதினார். பிரிட்டிஷ் மன்னரின் பிரதிநிதிகளாக இருக்கும் ஆளுநர்கள், மக்கள் தேர்ந்தெடுத்த அரசை எப்போது மறுக்கலாம், எப்போது கலைக்கலாம் என்பதுதான் அதன் பொருள். ஆளுநரின் அதிகாரம் பற்றிய தகராறு எப்படி இருக்கும் என்று நம் நாட்டுக்காரர்களுக்கு விளக்கத் தேவையில்லை. நியூ சவுத் வேல்ஸில் 1932-ல் ஆளுநர் ஒரு முதல்வரைப் பதவிநீக்கம் செய்திருந்தார். அந்த மாதிரி அதிகாரங்களை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவைக்கக் கூடாது, எழுத்தில் விதியாக வரையறுக்க வேண்டும் என்பது எவாட்டின் வாதம். பின்னாளில் சான் பிரான்சிஸ்கோவில் அவர் கேட்டதும் கிட்டத்தட்ட இதைத்தான்.

உயர்ந்த நீதிமன்றப் பதவி அந்தக் காலத்தில் ஆயுள் முழுவதும் நீடிப்பது. 1940-ல் அதை உதறிவிட்டு எவாட் நாடாளுமன்றத் தேர்தலில் நின்று ஜெயித்தார். மறு ஆண்டு அக்டோபரில் ஜான் கர்ட்டின் பிரதமரானபோது, வெளியுறவுத் துறையும் சட்டத் துறையும் எவாட்டிடம் வந்தன.

கேட்காமல் எடுக்கப்பட்ட முடிவுகள்

பதவியேற்ற சில மாதங்களிலேயே போர் வாசலுக்கு வந்துவிட்டது. 1942 பிப்ரவரி 15 அன்று சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. நான்கே நாளில் ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரம் மேல் குண்டுகள் விழுந்தன. விமானங்களும் ஆயுதங்களும் கேட்டு எவாட் வாஷிங்டனுக்கும் லண்டனுக்கும் போனார். அங்கே போன பிறகுதான், முதலில் ஜெர்மனியைத் தோற்கடிப்பது, ஜப்பானைப் பின்னால் பார்த்துக்கொள்வது என்று அமெரிக்காவும் பிரிட்டனும் எப்போதோ முடிவு செய்திருந்தது அவருக்குத் தெளிவாகத் தெரிந்தது. ஜப்பானின் குண்டுகள் விழுவது ஆஸ்திரேலியாவில். அந்த நாட்டை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

1943-ன் இறுதியில் கெய்ரோவில் அமெரிக்கா, பிரிட்டன், சீனா மூன்றும் கூடி, போருக்குப் பின் பசிபிக் பகுதியில் எந்தப் பிரதேசம் யாருக்கு என்று அறிவித்தன. அப்போதும் ஆஸ்திரேலியாவைக் கேட்கவில்லை. பெரியவர்கள் பேசி முடித்துவிட்டுச் சிறியவர்களுக்குச் சொல்லியனுப்புவது என்ற வழக்கத்தின் மேல் எவாட்டுக்கு வந்த கோபம் அதன்பின் தணியவே இல்லை.

பெட்டிக்குள் வந்த பைலா

1944-ல் வாஷிங்டனில் டம்பார்ட்டன் ஓக்ஸ் என்ற மாளிகையில் பெரிய நாடுகள் கூடி, புதிய உலக அமைப்பின் வரைவைத் தயாரித்தன. அதில் நிரப்பாமல் விட்ட இடம் வாக்களிக்கும் முறை. 1945 பிப்ரவரியில் யால்டாவில் ரூஸ்வெல்ட், சர்ச்சில், ஸ்டாலின் மூவரும் அதையும் நிரப்பினார்கள்.

அந்த ஏற்பாடு இதுதான். பாதுகாப்பு கவுன்சிலில் 11 உறுப்பினர்கள். அமெரிக்கா, சோவியத் யூனியன், பிரிட்டன், பிரான்ஸ், சீனா ஐவரும் நிரந்தரம். மற்ற ஆறு பேர் தேர்ந்தெடுக்கப்படுபவர்கள். ஒரு தீர்மானம் நிறைவேற ஏழு வாக்கு வேண்டும். கூட்டம் எப்போது, எங்கே என்பது போன்ற நடைமுறை விஷயங்களுக்கு எந்த ஏழு வாக்கும் போதும். மற்ற எல்லாவற்றுக்கும் அந்த ஏழில் ஐவரின் சம்மதமும் அடங்கியிருக்க வேண்டும். ஒருவர் மறுத்தால் போயிற்று.

இதில் நியாயமே இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது. இதற்கு முந்தைய உலகச் சங்கத்தில் அமெரிக்கா சேரவே இல்லை. ஜப்பானும் ஜெர்மனியும் நடுவில் வெளியேறின. பெரிய நாடுகள் உள்ளே இல்லாத சங்கம் போரைத் தடுக்கவில்லை. அந்த ஐவரில் ஒருவர்மேல் மற்றவர்கள் படையெடுக்க ஒரு வாக்கெடுப்பு உத்தரவிடுமானால், அது மூன்றாவது உலகப் போராகத்தான் முடியும். வீட்டோ இல்லாவிட்டால் அமெரிக்க செனட்டும் ஒப்புக்கொள்ளாது, ஸ்டாலினும் வரமாட்டார். இதெல்லாம் எவாட்டுக்கு நன்றாகவே தெரியும்.

ஆகையால் வீட்டோவை அடியோடு ஒழிக்கும்படி அவர் கேட்கவில்லை. படையை அனுப்பும் முடிவுக்கு ஐவரின் சம்மதம் தேவை என்பதை ஏற்றுக்கொண்டார். அனுப்பப்போவது பெரும்பாலும் அவர்களுடைய படைகள்தான். ஆனால் இரண்டு நாடுகளுக்குள் சண்டை மூளும்போது உட்கார்ந்து பேசச் சொல்வதற்கும், என்ன நடந்தது என்று விசாரிப்பதற்கும், சமரசம் செய்துவைப்பதற்கும் எதற்கு வீட்டோ என்று கேட்டார். தீயணைப்பு வண்டியை வெளியே எடுக்க ஐந்து சாவி வேண்டும் என்றால் சரி. புகை வருகிறதே என்று போய்ப் பார்ப்பதற்கும் ஐந்து சாவியா என்பதுதான் அவர் வாதத்தின் சாரம்.

23 கேள்விகள்

1945 ஏப்ரல் 25 அன்று சான் பிரான்சிஸ்கோவில் மாநாடு தொடங்கியது. ஆஸ்திரேலியக் குழுவுக்குத் துணைப் பிரதமர் ஃபிராங்க் ஃபோர்டும் எவாட்டும் தலைமை தாங்கினார்கள். அப்போது ஆஸ்திரேலியாவின் மக்கள் தொகை 75 லட்சத்துக்கும் குறைவு. அந்தச் சிறிய குழு வரைவின் ஒவ்வொரு வரியையும் படித்துவிட்டு, கட்டுக்கட்டாகத் திருத்தங்களோடு வந்திருந்தது. எவாட் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்கு ஓடினார், இரவு முழுக்க வேலை பார்த்தார், உதவியாளர்களையும் தூங்கவிடவில்லை. மற்றவர்களோடு பழகுவதில் அவர் இனிமையானவர் என்று யாரும் சொன்னதில்லை. ஆனால் சட்டத்தின் வரிகளை அவர் அளவுக்குத் துருவிப் படித்தவர்கள் அந்த மண்டபத்தில் குறைவு.

யால்டா ஏற்பாட்டின் பொருள் என்ன என்று சிறிய நாடுகள் சேர்ந்து 23 கேள்விகளை எழுதி அழைப்பு விடுத்த வல்லரசுகளிடம் கொடுத்தன. நம் சங்கக் கூட்டங்களில் நடப்பது போலவே, எழுத்தில் கேள்வி வந்ததும் பெரியவர்களுக்குள்ளேயே பதில் ஒத்துப்போகவில்லை என்பது வெளியே வந்தது. ஒரு பிரச்சினையை விவாதத்துக்கு எடுப்பதையே வீட்டோவால் தடுக்கலாம் என்றது சோவியத் தரப்பு. அமெரிக்கா அதை ஏற்கவில்லை. மாநாடே முறிந்துவிடுமோ என்ற நிலை வந்தது. கடைசியில் அமெரிக்க அதிபர் ட்ரூமன் மாஸ்கோவுக்கு அனுப்பியிருந்த ஹாரி ஹாப்கின்ஸ் ஸ்டாலினிடமே பேசினார். ஸ்டாலின் விட்டுக்கொடுத்தார்.

ஜூன் 7 அன்று வல்லரசுகளின் கூட்டுப் பதில் வந்தது. விவாதத்தைத் தடுக்க வீட்டோ கிடையாது என்று அதில் ஒத்துக்கொண்டார்கள். மற்ற விஷயங்களில் பிடியைத் தளர்த்தவில்லை. ஒரு விசாரணை இன்னொரு நடவடிக்கைக்கு இட்டுச்செல்லும், அது கடைசியில் போரில் முடியலாம், ஆகவே விசாரணைக்கும் வீட்டோ உண்டு என்றார்கள். இன்னொரு முடிச்சும் போட்டார்கள். ஒரு விஷயம் நடைமுறை சார்ந்ததா, முக்கியமானதா என்று சந்தேகம் வந்தால், அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பதற்கும் வீட்டோ செல்லும். முதல் வீட்டோவால் இது முக்கியமான விஷயம் என்று ஆக்கலாம். இரண்டாவது வீட்டோவால் அதைத் தடுக்கலாம். இரட்டை வீட்டோ என்று இதற்குப் பெயர் வந்தது.

தோற்றதும் வென்றதும்

ஜூன் நடுவில், சமரசப் பேச்சுக்கு வீட்டோ கூடாது என்ற ஆஸ்திரேலியத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. அதற்கு முன்னால் பெரிய நாடுகள் ஒரு விஷயத்தைத் தெளிவுபடுத்திவிட்டன. வீட்டோ இல்லையென்றால் சாசனமே இல்லை. அமெரிக்கக் குழுவில் இருந்த செனட்டர் டாம் கானலி, வீட்டோவைத் தோற்கடித்துவிட்டு ஊருக்குப் போனால் சாசனத்தைக் கிழித்தவர்கள் நீங்கள்தான் என்று எச்சரித்து, கையில் இருந்த வரைவை எல்லோர் கண்ணெதிரிலும் கிழித்துப் போட்டார்.

திருத்தத்துக்கு ஆதரவாக 10 வாக்குகள், எதிராக 20. 15 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கிக்கொண்டன. எவாட் தோற்றார். பிறகு யால்டா ஏற்பாடு வாக்கெடுப்புக்கு வந்தபோது 30 நாடுகள் ஆதரித்தன, 15 நாடுகள் ஒதுங்கின. நேரடியாக எதிர்த்து வாக்களித்தவை கொலம்பியாவும் கியூபாவும் மட்டுமே. ஒதுங்கியவர்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். மனதுக்குப் பிடிக்கவில்லை, எதிர்க்கவும் துணிவில்லை என்பதற்கு அடையாளம் அது.

கதை இதோடு முடிந்திருந்தால் எவாட்டைப் பற்றி இன்று எழுத அதிகம் இருந்திருக்காது. அவர் இன்னொரு கதவைத் தட்டினார். பாதுகாப்பு கவுன்சிலைத் தவிர, எல்லா நாடுகளுக்கும் ஆளுக்கொரு வாக்கு உள்ள பொதுச்சபை இருக்கிறது. அங்கே யாருக்கும் வீட்டோ கிடையாது. ஆனால் அந்தச் சபை எதைப் பற்றிப் பேசலாம் என்பதைச் சுருக்கிவிட வல்லரசுகள் முயன்றன. நம் பாஷையில் சொன்னால், பொதுக்குழுவைக் கூட்டலாம், ஆனால் அஜெண்டாவை ஐந்து பேர்தான் முடிவு செய்வார்கள் என்ற மாதிரி. சாசனத்தின் எல்லைக்குள் வரும் எந்த விஷயத்தையும் பொதுச்சபை விவாதிக்கலாம், பரிந்துரை செய்யலாம் என்று இருக்க வேண்டும் என எவாட் பிடிவாதமாக நின்றார். சோவியத் தூதர் குரோமிகோ கடைசி வாரம் வரை ஒத்துக்கொள்ளவில்லை. மாநாடு முடிய சில நாட்களே இருக்கும்போது உடன்பாடு வந்தது. இன்றைய சாசனத்தின் 10-வது பிரிவு அதுதான். பொதுச்சபையால் யாருக்கும் கட்டளையிட முடியாது. ஆனால் அதன் வாயை யாரும் கட்ட முடியாது.

வேலைவாய்ப்பை வளர்ப்பதும் ஐ.நா.வின் கடமை என்று சாசனத்தில் எழுதவைத்ததிலும் ஆஸ்திரேலியாவுக்குப் பெரும் பங்கு உண்டு. அந்தப் பேச்சு நடந்த பொருளாதார, சமூகக் குழுவின் தலைவராக இருந்தவர் நமக்கு நன்கு தெரிந்த ஆற்காடு ராமசாமி முதலியார். இந்தியா அப்போது சுதந்திரம் பெறவில்லை. ஆனாலும் தனி உறுப்பினராக மாநாட்டுக்கு அழைக்கப்பட்டிருந்தது. ஜூன் 26 அன்று இந்தியாவின் சார்பில் சாசனத்தில் கையெழுத்திட்டவர்கள் ராமசாமி முதலியாரும் வி.டி. கிருஷ்ணமாச்சாரியும்.

தன் வீட்டுக் கதவு

இவ்வளவையும் படித்துவிட்டு எவாட்டை ஒரு மாசற்ற வீரராக நினைக்கப் போகிறீர்கள். கொஞ்சம் பொறுங்கள்.

அதே மாநாட்டில், ஒரு நாட்டின் உள்விவகாரத்தில் ஐ.நா. தலையிடக் கூடாது என்ற விதியை இறுக்கிக் கட்டியவரும் அவர்தான். காரணம், ஆஸ்திரேலியா அப்போது வெள்ளையர் அல்லாதவர்களைக் குடியேற விடாத கொள்கையை வைத்திருந்தது. ஆசிய நாடுகள் அதைக் கேள்வி கேட்டுவிடக் கூடாது என்ற பயம் அவருக்கு இருந்தது. ஐவரின் வீட்டோவை எதிர்த்து முழங்கியவர், தன் வீட்டு வாசலில் ஒரு பூட்டை மாட்டிக்கொண்டார்.

அந்தப் பூட்டு எங்கே போய் நின்றது தெரியுமா? 1946-ல் தென்னாப்பிரிக்காவில் வாழும் இந்தியர்கள் நடத்தப்படும் விதத்தை இந்தியா பொதுச்சபையில் எழுப்பியது. இது எங்கள் உள்விவகாரம் என்று தென்னாப்பிரிக்கா அந்த விதியைத்தான் எடுத்துக் காட்டியது. ஆனாலும் பொதுச்சபை விவாதித்தது, டிசம்பர் 8 அன்று மூன்றில் இரண்டு பங்கு பெரும்பான்மையோடு இந்தியாவுக்குச் சாதகமாகத் தீர்மானமும் நிறைவேற்றியது. எவாட் போட்ட பூட்டு ஒரு பக்கம், எவாட் திறந்துவைத்த பேச்சுரிமை மறுபக்கம். அந்த முறை பேச்சுரிமை ஜெயித்தது.

நாற்காலியில் அமர்ந்தபோது

புதிய பாதுகாப்பு கவுன்சிலில் தேர்ந்தெடுக்கப்பட்ட முதல் ஆறு நாடுகளில் ஆஸ்திரேலியாவும் ஒன்று. 1946 ஜனவரி 17 அன்று லண்டனில் நடந்த முதல் கூட்டத்துக்குத் தலைமை தாங்கியவரே ஓர் ஆஸ்திரேலியர், நார்மன் மேக்கின். ஒரே மாதத்தில், பிப்ரவரி 16 அன்று, சோவியத் யூனியன் முதல் வீட்டோவைப் போட்டது. ஸ்பெயினின் ஃபிராங்கோ ஆட்சியைப் பற்றி விசாரித்த துணைக்குழுவுக்கு எவாட் தலைவராக இருந்தார். அந்தக் குழுவின் பரிந்துரையும் வீட்டோவில் போனது. 1945-ல் தாளில் படித்துப் பயந்த இரட்டை வீட்டோ அந்த விவகாரத்தில்தான் முதன்முதலாக நேரில் வந்தது.

எவாட் மறுபடியும் பொதுச்சபைக்கே போனார். வீட்டோவால் கவுன்சில் முடங்கிவிடாமல் பார்த்துக்கொள்ளும்படி ஐவரையும் கேட்டுக்கொள்ளும் தீர்மானம் 1946 டிசம்பர் 13 அன்று நிறைவேறியது. அதற்குப் பின்னால் ஆஸ்திரேலியாவின் முயற்சி இருந்தது. 1947 ஜூலையில் டச்சுப் படைகள் இந்தோனேசியாவைத் தாக்கியபோது, அதைக் கவுன்சிலுக்குக் கொண்டுபோனவை இரண்டு நாடுகள்: ஆஸ்திரேலியா, இந்தியா. ஆகஸ்ட் 1 அன்று கவுன்சில் போர்நிறுத்தம் கோரியது. நம் நாடு சுதந்திரம் பெறுவதற்கு இரண்டு வாரம் முன்பு நடந்தது இது.

1948-ல் எவாட் பொதுச்சபையின் தலைவரானார். பாரிஸில் நடந்த அந்தக் கூட்டத்தொடரில்தான், டிசம்பர் 10 அன்று, மனித உரிமைப் பிரகடனம் நிறைவேறியது. ஆதரவாக 48 வாக்குகள், எதிர்ப்பு எதுவும் இல்லை, எட்டு நாடுகள் ஒதுங்கின. வீட்டோ உள்ள மன்றத்தில் வைத்திருந்தால் அது என்ன ஆகியிருக்கும் என்பதை உங்கள் ஊகத்துக்கே விட்டுவிடலாம்.

இறங்குமுகம்

1949 தேர்தலில் தொழிற்கட்சி தோற்றது. 1951-ல் எவாட் எதிர்க்கட்சித் தலைவரானார். அப்போதைய அரசு கம்யூனிஸ்ட் கட்சியைத் தடைசெய்யச் சட்டம் கொண்டுவந்தது. எவாட் கம்யூனிஸ்ட் அல்ல. ஆனாலும் அந்தச் சட்டத்தை எதிர்த்து நீதிமன்றத்தில் தானே வாதாடி ஜெயித்தார். அரசு விடாமல் நாடு முழுக்க வாக்கெடுப்பு நடத்தியது. எவாட் ஊர் ஊராகப் போய்ப் பேசினார். 1951 செப்டம்பர் 22 அன்று மக்கள் மிகச் சிறிய வித்தியாசத்தில் தடை வேண்டாம் என்றார்கள். அவருடைய உள்நாட்டு வாழ்க்கையில் உச்சம் அதுதான் என்று பலர் சொல்வதுண்டு.

அதன் பிறகு எல்லாம் சரிவு. 1954-ல் சோவியத் தூதரக அதிகாரி பெட்ரோவ் ஆஸ்திரேலியாவில் தஞ்சம் புகுந்து உளவு விவகாரத்தைக் கிளப்பினார். எவாட்டின் உதவியாளர்கள் பெயர்களும் அதில் அடிபட்டன. அந்த ஆவணங்கள் போலி என்று எவாட் நம்பினார். உண்மையா என்று கேட்டு சோவியத் வெளியுறவு அமைச்சர் மொலோடோவுக்கே கடிதம் எழுதினார். போலி என்று பதில் வந்ததை 1955 அக்டோபரில் நாடாளுமன்றத்தில் அவர் அறிவித்தபோது, இரண்டு பக்கத்திலும் சிரிப்பு எழுந்தது. குற்றம் சாட்டப்பட்டவரிடமே சான்றிதழ் வாங்கி வந்த அந்தக் காட்சியை ஆஸ்திரேலியர்கள் மறக்கவில்லை.

அதே ஆண்டு கட்சி இரண்டாக உடைந்தது. யாரையும் கலந்து பேசாமல் முடிவெடுப்பார், யாரையும் நம்பமாட்டார் என்பது கட்சிக்காரர்களின் நெடுநாள் குறை. கேட்காமல் முடிவெடுத்த பெரியவர்கள்மேல் அவ்வளவு கோபப்பட்டவர், தன் கட்சிக்குள் அதே தவற்றைச் செய்தார். 1954, 1955, 1958 என்று மூன்று தேர்தல்களில் தோற்றார். 1960-ல் நியூ சவுத் வேல்ஸ் தலைமை நீதிபதி ஆனபோது உடலும் நினைவும் தளர்ந்திருந்தன. இரண்டே ஆண்டில் ஓய்வு பெற்றார். 1965 நவம்பர் 2 அன்று கான்பெராவில் காலமானார்.

அவருக்குப் பின்

அவர் மறைந்த அதே 1965-ல்தான் பாதுகாப்பு கவுன்சில் 11 இடங்களிலிருந்து 15 இடங்களாக விரிந்தது. வீட்டோவில் ஓர் எழுத்தும் மாறவில்லை. இன்றும் மாறவில்லை. சாசனத்தைத் திருத்த ஐவரின் ஒப்புதலும் வேண்டும் என்ற விதி அப்படியே இருக்கிறது. தொடக்க காலத்தில் சோவியத் யூனியன் அதிகம் பயன்படுத்தியது. 1970-ல் அமெரிக்காவும் தொடங்கியது. அவரவருக்கு வேண்டியவர்களைக் காப்பாற்றுவதில் இரண்டு பேருக்கும் வித்தியாசம் தெரியவில்லை.

ஆனால் எவாட் திறந்துவைத்த பக்கத்துக் கதவு வழியாகச் சில காரியங்கள் நடந்திருக்கின்றன. 1950 நவம்பர் 3 அன்று பொதுச்சபை ஒரு தீர்மானம் போட்டது. வீட்டோவால் கவுன்சில் முடங்கினால், 24 மணி நேரத்துக்குள் அவசரச் சிறப்புக் கூட்டம் கூட்டலாம் என்பது அது. 1956-ல் சூயஸ் கால்வாய் விவகாரத்தில் பிரிட்டனும் பிரான்சும் வீட்டோ போட்டபோது அப்படித்தான் பொதுச்சபை கூடியது. அமைதிப் படை அமைக்க முடிவெடுத்தது. அந்தப் படையில் இந்திய வீரர்களும் இருந்தார்கள். 2022-ல் உக்ரைன் விஷயத்தில் ரஷ்யா வீட்டோ போட்டதும் மறுபடி அவசரக் கூட்டம் கூடியது. மார்ச் 2 அன்று 141 நாடுகள் ரஷ்யாவைக் கண்டித்து வாக்களித்தன. இந்தியா உட்பட 35 நாடுகள் ஒதுங்கின. தீர்மானம் போரை நிறுத்தவில்லை என்பதும் உண்மை.

அடுத்த மாதமே, ஏப்ரல் 26 அன்று, இன்னொரு அடி எடுத்துவைத்தார்கள். இனிமேல் கவுன்சிலில் யார் வீட்டோ போட்டாலும், பத்து வேலை நாட்களுக்குள் பொதுச்சபை கூடி அதைப் பற்றி விவாதிக்கும். வீட்டோ போட்டவர் முதலில் எழுந்து காரணம் சொல்ல அழைக்கப்படுவார். இதை முன்னின்று கொண்டுவந்த நாடு லிச்டென்ஸ்டைன். அங்கே வாழ்பவர்கள் சுமார் 40,000 பேர். வாக்கெடுப்புகூடத் தேவைப்படவில்லை, எதிர்ப்பின்றி நிறைவேறியது.

1945-ல் சாசனத்தைக் கிழிக்காமல் கையெழுத்துப் போட்டதற்கும், 77 ஆண்டு கழித்து இந்தத் தீர்மானம் வந்ததற்கும் நடுவே ஒரு நூல் ஓடுகிறது. முடியாது என்று சொல்லும் அதிகாரத்தைப் பறிக்க முடியாவிட்டால், ஏன் முடியாது என்று எல்லோர் முன்னாலும் சொல்லவையுங்கள். எவாட் சாசனத்தில் காப்பாற்றிக் கொடுத்தது அதற்கான இடத்தை.

ஐ.நா. சபைக்கு நீங்களும் நானும் போகப்போவதில்லை. ஆனால் நம் எல்லோர் வீட்டிலும் ஒரு பைலா புத்தகம் இருக்கிறது. பத்திரத்தோடு சேர்த்துப் பீரோவில் வைத்தது. அடுத்த பொதுக்குழுவுக்கு முன் ஒருமுறை எடுத்துப் பாருங்கள். பெரும்பான்மை சரி என்றதை யாரால் நிறுத்த முடியும், நிறுத்தினால் காரணம் சொல்ல வேண்டுமா, அஜெண்டாவில் ஒரு விஷயத்தைச் சேர்க்க உங்களுக்கு உரிமை உண்டா என்று மூன்று கேள்விகளுக்கு அதில் பதில் தேடுங்கள். நான்காவதாக ஒன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மற்றவர் வீட்டைப் பற்றி நீங்கள் கேட்கும் கேள்வியை, உங்கள் வீட்டைப் பற்றி மற்றவர் கேட்டால் பதில் சொல்வீர்களா? எவாட் தடுமாறிய இடம் அதுதான்.